ஆகிலாவுக்கு இப்போது பதினொரு வயது

மருதமுனையில் பிரதான வீதியை விட்டுக் கடற்பக்கமாகத் திரும்பினால் முதலில் கேட்பது தறிச் சத்தம். ஒவ்வொரு வளவுக்குள்ளிருந்தும் டக் டக்கென்று அது வரும். சில ஒழுங்கைகள் கடந்ததும் சத்தம் குறையும். பிறகு வீடுகள் குறையும். அதற்கப்பால் சுனாமி விட்டுப்போன வெறும் அத்திவாரங்கள்தான். அவற்றின் மேல் அடம்பன்கொடி படர்ந்து கிடக்கும்.

யுத்தம் முடிந்த வருடத்தின் மாரிக்காலம் அது. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்திருந்தது. மழை விட்டும் வெயில் வரவில்லை. மசூர் மோட்டார் சைக்கிளை ஈரமணலில் தள்ளிக்கொண்டு சரீப்பின் பின்னால் நடந்தான்.

மசூருக்குக் கல்முனை பஸாரில் கணினி திருத்தும் கடை. பொதுவாக அவன் வீடுகளுக்குப் போவதில்லை. "கடைக்குக் கொண்டு வாங்க காக்கா, அங்கேயே முடிச்சித் தாறன்" என்றுதான் சரீப்பிடமும் சொன்னான். சரீப் தலையாட்டி மறுத்தார். லெப்டொப்பை வெளியே கொண்டுபோக மனைவி விடமாட்டாள் என்றார். கட்டாரில் பல காலம் உழைத்துத் திரும்பியவர், ஐம்பதைத் தொட்டிருப்பார். பேசும்போது எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துப் பேசினார்.

கடைசி அத்திவாரத்தருகே சரீப் நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உள்ள இரிக்கிற எல்லாத்தையும் அழிச்சிப்போட்டுப் புதுசா விண்டோஸ் அடிங்க. ஒண்டும் மிஞ்சக் கூடா."

"படங்கள் அது இது இரிந்தா முதல்ல எடுத்து வெச்சித் தரலாமே காக்கா. அது ஒண்டும் கஷ்டமில்ல."

"வேணா." கொஞ்சம் பொறுத்து, "வீட்டுக்காரி கேட்டா, ஒண்டும் அழியாதெண்டு சொல்லுங்க" என்றார்.

"என்னையும் பொய் சொல்ல வெக்கிறீங்க" என்று மசூர் சிரித்தான்.

சரீப் சிரிக்கவில்லை.

அந்த வரிசையில் தனியாக நின்றது அவர்களுடைய வீடு. மற்றவர்கள் எல்லோரும் கடலை விட்டுத் தள்ளி உள்ளூரில் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டங்களுக்குப் போய்விட்டார்கள். இவர்களுக்கும் அங்கே ஒரு வீடு கிடைத்ததாம். மனைவி சுபைறா போக மறுத்துவிட்டாளாம். உடைந்து நின்ற சுவர்களின்மேலேயே தகரம் போட்டு, நீலச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். உப்புக்காற்றில் அது செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

சுபைறா வாசலில் நின்று வரவேற்றாள். மெலிந்த உடம்பு. தலையில் வெள்ளை முந்தானை. மசூரைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்க தம்பி. போன கிழமையிலிருந்து சோறு இறங்கல்ல எனக்கு. படமெல்லாம் பத்திரமா இரிக்குமே?"

"ஓம் ராத்தா" என்றான் மசூர். சரீப் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

மடிகணினி கடலைப் பார்த்த அறையில், யன்னலோரத்து மேசையில் இருந்தது. அதன்முன் ஒரு நாற்காலி. அறைக்குள் ஒரு வாடை. மீன் வாடை அல்ல. கடல் வற்றும்போது அடியிலிருந்து கிளம்புமே, அந்தக் கருஞ்சேற்று வாடை. மாரிக்காலத்து ஈரம் என்று நினைத்துக்கொண்டு மசூர் பையைத் திறந்தான்.

மின்பொத்தானை அழுத்தினான். விசிறி சுழன்றது. பச்சை விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்து, மேல்மூலையில் ஒரு வரி வெள்ளை எழுத்தைக் காட்டிவிட்டு நின்றது. அவன் இதை வாரத்தில் பலமுறை பார்ப்பவன்.

"பயப்பட வேணா ராத்தா. ஹாட் டிஸ்க் சாகல்ல. விண்டோஸ்தான் உடைஞ்சிரிக்கி. வீடு அப்படியே இரிக்கி, கதவு மட்டும் துறக்குதில்ல எண்டு வெச்சிக்கங்க."

"அப்ப உள்ளுக்க ஆக்கள் இரிப்பாங்கதானே?"

மசூர் சிரித்தபடியே திருகாணியைக் கழற்றினான். "இரிப்பாங்க, இரிப்பாங்க."

அடிமூடியைத் திறந்தபோது உள்ளேயிருந்து மணல் கொட்டியது. ஈரமான, கறுத்த மணல். ஊதினான். மேலும் கொட்டியது. கடற்கரை வீட்டுப் பொருளென்றால் மணல் இருக்கத்தான் செய்யும். ஆனால் கரையில் கிடந்ததோ வெளிர்மணல்.

வன்தட்டைக் கழற்றித் தன்னுடைய வெளிப்பெட்டிக்குள் வைத்து, தான் கொண்டுவந்த கணினியோடு இணைத்தான். எல்லாம் தெரிந்தது. 'ஆகிலா' என்று ஒரு கோப்புறை. பின்னால் நின்ற சுபைறா பெருமூச்சு விட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ். வீட்டில இரிந்த படமெல்லாத்தையும் கடல் கொண்டு போயிட்டு தம்பி. அவருக்குக் கட்டாருக்கு அனுப்பின படங்கள் மட்டும்தான் மிஞ்சின. அங்கேயே ஸ்கேன் பண்ணி இதுக்குள்ள போட்டுக் கொண்டு வந்தார்."

பின்னேர அஸருக்குப் பாங்கு கேட்டது. சரீப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். போகுமுன் வாசலில் நின்று மசூரை ஒருமுறை பார்த்தார். சுபைறா இஞ்சித் தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனாள்.

தட்டில் வேறு பழுது உண்டா என்று பார்க்கப் படங்களைத் திறந்து பார்ப்பது மசூரின் வழக்கம். முதற்படத்தில் பெருநாள் உடுப்போடு ஒரு சின்னப்பிள்ளை. அடுத்ததில் வெள்ளைப் பாடசாலைச் சீருடை, முன்பல் விழுந்த சிரிப்பு. பிறகு அதே பிள்ளை, கொஞ்சம் வளர்ந்து, முந்தானை போட்டு. பிறகு இன்னும் வளர்ந்து, கைகால்கள் நீண்டு. பின்னாலிருந்த படங்களில் வீடு இல்லை, மரம் இல்லை. வெறும் கடற்கரை.

"மகளுக்கு இப்ப எத்தின வயசு ராத்தா?" என்று அடுப்படிப் பக்கம் கேட்டான்.

"இப்ப பதினொண்டு நடக்குது."

"ஸ்கூல் விட்டு இன்னும் வரல்லயா?"

 கரண்டி கோப்பையில் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது.

மசூர் அடுத்த படத்தைத் திறந்தான். நல்ல துலக்கமான படம். கடற்கரையில் பிள்ளை நின்றது. அதன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கடல் இல்லை. கடல் இருக்கவேண்டிய இடத்தில் கறுத்த சேறு கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. கடலடிக் கற்பார்கள் வெளியே தெரிந்தன. வள்ளங்கள் சரிந்து கிடந்தன. சேற்றின் மேல் ஆட்கள் நின்றார்கள். பெரியவர்கள், பிள்ளைகள், சாரன் கட்டியவர்கள், இரவுடுப்போடு இருந்த பெண்கள். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

இந்தப் படத்தை யார் எடுத்திருப்பார்? அந்தக் காலையில் கடல் பின்வாங்கியபோது, கையில் கமராவோடு நின்றவன் உயிரோடு திரும்பியிருக்க முடியுமா?

அப்போதுதான் அந்த முதுகைக் கண்டான்.

இடப்பக்க ஓரத்தில் ஒருத்தி. ஊதாநிறச் சல்வார். ஒரு தோளைச் சற்றே தாழ்த்தி, பாரத்தை ஒரு காலில் போட்டு நின்றாள். பின்னல் கலைந்து கிடந்தது.

மசூரின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

ஜெஸீமா.

கடல் வந்தபோது அவர்களுக்குக் கலியாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கடைக்குச் சாமான் வாங்க அவன் கொழும்புக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை அது. அவள் தாய் வீட்டில், இதே கடலோரத்தில் இருந்தாள். அவளுடைய மையத்துக் கிடைக்கவில்லை. பெயர் தெரியாதவர்களோடு எந்தக் குழிக்குள் போனாளோ, தெரியாது. கலியாணப் படங்களும் அந்த வீட்டோடு போயின. அவளுடைய ஒரு படம்கூட அவனிடம் இல்லை. முதல் வருடம் கண்ணை மூடினால் முகம் வந்தது. பிறகு கண் மட்டும், சிரிப்பு மட்டும் என்று வந்தது. இப்போது அதுவும் வருவதில்லை. அவள் நிற்கும் விதம் மட்டும் நினைவிருந்தது. அதை யாரும் அவனிடமிருந்து எடுக்கவில்லை.

"ஆரக் கண்டீங்க தம்பி?"

சுபைறா பின்னால் நின்றாள். தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. 

"உங்கட ஆளா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளுடைய குரலில் வியப்பே இல்லை. "கவலப்பட வேணா. முதல்ல ஆகிலாவும் அப்படித்தான் அங்கால பாத்துக்கிட்டு நிண்டா. நான் ஒவ்வொரு நாளும் துறந்து துறந்து பாத்தன். கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பினா. பொறுத்தா எல்லாரும் திரும்புவாங்க."

"ராத்தா... ஆகிலா இப்ப எங்க?"

சுபைறா திரையைக் காட்டினாள். மகளை அறிமுகப்படுத்தும் தாயின் முகம்.

"இந்தா நிக்கிறா."

பள்ளியிலிருந்து சரீப் வந்தபோது சுபைறா தொழுகைக்குப் பாய் விரித்திருந்தாள். அவர் மசூரைச் சைகையால் கிணற்றடிக்கு அழைத்தார்.

"பாத்திட்டீங்க" என்றார்.

மசூர் தலையாட்டினான்.

"ஆறு வயசில போன புள்ள தம்பி. இவட கையிலதான் இரிந்தா. தண்ணி இழுத்த இழுவையில கை நழுவிட்டு. நான் அங்க, கட்டார்ல. மூணாம் நாள்தான் எனக்குத் தெரியும்." அவர் கிணற்றுக்கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் கொண்டு வந்தது எல்லாம் சின்னப் படங்கள். சீருடைப் படம்தான் கடைசி. அதுக்குப் பொறகு வந்ததெல்லாம் ஆரும் எடுத்ததில்ல. முதல்ல நானும் சந்தோஷப்பட்டன் தம்பி. பொய் சொல்லல்ல. புள்ள வளருதெண்டு ரெண்டு பேரும் பக்கத்தில இரிந்து பாத்தம்."

"பொறகு?"

"பொறகு புள்ள கையை நீட்டிட்டா."

காற்று விழுந்திருந்தது. தென்னோலைகூட அசையவில்லை.

"போன கிழம விடிய சுபஹுக்கு எழும்பிப் பாத்தன், பாயில இவ இல்ல. கழுத்தளவு தண்ணிக்க நிண்டவவை வள்ளக்காரங்க கண்டு இழுத்துக் கொண்டு வந்து விட்டாங்க. அண்டைக்கு நான் அந்தச் சாமானத் தூக்கி நிலத்தில அடிச்சன். அதோட அது துறக்குதில்ல. எண்டாலும் இவ அதுக்கு முன்னாலயே இரிக்கிறா. கறுப்புத் திரையோட கதைக்கிறா. வாங்க, ஒண்டு காட்டுறன்."

உள்ளே வந்து, விரலால் கோப்புறையின் கடைசிப் படத்தைத் தொட்டுக் காட்டினார். மசூர் அதைத் திறந்தான்.

அதே சேறு. அதே ஆட்கள். ஆகிலா நடுவில் நின்றாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, முகம் இந்தப் பக்கம் திரும்பியபடி, நனைந்த வெள்ளை முந்தானையோடு சுபைறா நின்றாள்.

அடுத்த அறையில் சுபைறா தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கும் குரல் கேட்டது.

"அவ ஹயாத்தோட, உசிரோட இரிக்கக்குள்ளேயே அங்க நிக்கிறா தம்பி" என்று சரீப் முணுமுணுத்தார். "என்ட புள்ளய ரெண்டாந்தரம் கொல்லச் சொல்லி நான்தான் கேக்கிறன். எனக்குத் தெரியும். அந்தப் பாவம் என்ட தலையில வரட்டும். இவவையாவது எனக்குத் தாங்க."

 மசூரின் கண் அந்தப் படத்தின் இடப்பக்க ஓரத்துக்குப் போயிருந்தது.

ஜெஸீமா அசைந்திருந்தாள்.

இப்போது ஒரு காது தெரிந்தது. கழுத்தோரம் தெரிந்தது. கன்னத்தின் வளைவு இலேசாகத் தெரிந்தது.

மூடிவிட்டு மீண்டும் திறந்தான். கன்னம் இன்னும் கொஞ்சம். இமையின் நுனி.

"தம்பி."

இன்னும் ஒரு தடவை. ஒரேயொரு தடவை.

"தம்பி!" சரீப் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். கடல்நீரில் நின்ற கைபோல மசூரின் கை விறைத்திருந்தது.

மசூர் இணைப்பைப் பிடுங்கினான். காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓத வாயெடுத்தான். பாதியில் வரிகள் மறந்துபோயின. வன்தட்டை மடிகணினிக்குள் வைத்துத் திருகாணியை முடுக்கினான். சீடியைப் போட்டான். நீலத்திரை வந்தது. பழையதை அழிக்கவா என்று அது கேட்டது. ஒரு விசையை அழுத்தினால் அழியும். இன்னொரு விசையை அழுத்தினால் வெளியே வந்துவிடலாம்.

விரல் இரண்டுக்கும் இடையில் நின்றது.

அழித்தால் சுபைறா தப்புவாள். அழிக்காவிட்டால், நாளை கடைக்குக் கொண்டுபோய், கதவைப் பூட்டிக்கொண்டு, ஒரேயொரு தடவை... உலகத்தில் அவளுடைய முகம் இருக்கும் ஒரே இடம் இது. தட்டு பழுது, சாமான் எடுப்பிக்க வேண்டும் என்று சரீப்பிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நம்பிவிடுவார்.

விரல் வெளியேறும் விசைப்பக்கம் நகர்ந்தது.

"காக்கா, தட்டில ஒரு..." என்று தொடங்கினான்.

அந்தக் கணத்தில் ஏதோ நின்றுபோனது. என்னவென்று உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

அலைச் சத்தம்.

இந்த ஊரில் பிறந்த நாளிலிருந்து காதில் ஓயாமல் இருந்த சத்தம் இல்லை.

சரீப் யன்னலைப் பார்த்தார்.  

கடல் பின்வாங்கியிருந்தது. படத்தில் கண்ட அதே கறுத்த சேறு, யன்னலுக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில். மீன்கள் துடித்தன. வள்ளங்கள் சரிந்து கிடந்தன. அந்தச் சேற்றை நோக்கி வெள்ளை முந்தானையோடு சுபைறா நடந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. பாடசாலை வாசலில் பிள்ளையை எடுக்கப் போகும் தாயைப்போல, ஒரு கையை முன்னால் நீட்டியபடி போனாள்.

"சுபைறா!"

சரீப் வாசலைத் தாண்டி ஓடினார்.

மசூர் அழிக்கும் விசையை அழுத்தினான். நிச்சயமா என்று கேட்டது. அழுத்தினான். மீண்டும் கேட்டது. மீண்டும் அழுத்தினான்.

மஞ்சள் பட்டை மெல்ல நகரத் தொடங்கியது.

அந்த நிலையில் எந்தக் கணினியும் பேசாது. ஒலிக்கான எதுவும் இன்னும் ஏற்றப்பட்டிருக்காது. மசூருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தச் சத்தம் வந்தபோது வெளியிலிருந்து வருவதாக முதலில் நினைத்தான்.

ஒரு பிள்ளையின் இருமல்.

மேசையிலிருந்துதான் வந்தது.

இருமல். மூச்சுத் திணறல். வாய்க்குள் தண்ணீர் போகும் சத்தம். "உம்மா" என்று ஒரு குரல். மறுபடியும் "உம்மா".

மசூர் இரண்டு காதையும் பொத்தினான். குரல் கையைத் தாண்டி வந்தது. பட்டை பாதியைக் கடந்தது. மேசையின் கீழிருந்து அவனுடைய பாதங்களைக் குளிர்ந்த தண்ணீர் தொட்டது. அவன் குனிந்து பார்க்கவில்லை. பிள்ளையின் குரல் நின்று, வெறும் நீர்க்குமிழிச் சத்தமாகி, அதுவும் ஓய்ந்தது.

முடிந்தது என்று கையை எடுத்தான்.

"மச்சான்."

மிக அருகில், வலக்காதின் பக்கம். கலியாணமான அந்தச் சில மாதங்களில் அவனை அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான்.

"மச்சான், திரும்பட்டா?"

நிறுத்தலாம். இப்போதும் நிறுத்தலாம். மின்கம்பியைப் பிடுங்கினால் போதும். ஏதாவது மிஞ்சும்.

மசூர் கண்ணை இறுக மூடினான். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தால் "ஓம்" என்று வந்துவிடும். உதட்டைக் கடித்தான், உப்புக்கரித்தது.

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவனுடைய பதிலுக்காக நின்றாள். அவள் நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

பிறகு, எங்கோ தூரத்தில், ஓர் அலை கரையில் விழுந்தது.

அவன் கண்ணைத் திறந்தபோது பட்டை முடிவைத் தொட்டிருந்தது. யன்னலுக்கு வெளியே கடல் தன் இடத்தில் கிடந்தது. சரீப் சுபைறாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். சுபைறாவை நிலத்தில் கிடத்தியதும் அவள் உடம்பு திருகித் திருகித் தண்ணீரைக் கக்கினாள். கறுத்த தண்ணீர். பிறகு எழுந்து சுவரில் சாய்ந்தாள். திரையைப் பார்த்தாள். சத்தமில்லாமல் இரண்டு கையாலும் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவளுடைய வாய் திறந்து மூடியது. அந்த அழுகையைக் கேட்பதைவிடப் பார்ப்பது கொடுமையாக இருந்தது.

கணினி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் கேட்டது. நாடு கேட்டது. கடைசியில், வாங்கிய அன்று வரும் அந்த இனிய இசையோடு பச்சைப் புல்வெளியும் நீலவானமும் திரையில் விரிந்தன. அதில் யாரும் நிற்கவில்லை.

கரையிலிருந்த வள்ளக்காரர்களை மசூர் போகும் வழியில் விசாரித்தான். கடலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். பின்னேரம் முழுக்கக் கரையிலேதான் கிழிந்த வலை பொத்தினார்களாம். அவர்களில் ஒருவர் மட்டும் அவனுடைய கால்களைப் பார்த்தார். "இந்தச் சேறு இஞ்சால இல்லயே தம்பி. எங்க மிரிச்சீங்க?"

அந்த மாதமே சரீப் மனைவியை உள்ளூரில் கிடைத்த வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். கடலோர வீட்டின் தகரத்தையும் கழற்றிவிட்டார். மடிகணினியை என்ன செய்தார் என்று மசூர் கேட்கவில்லை. நோன்புக்கு முன்பு ஒருமுறை கல்முனைச் சந்தையில் இருவரையும் கண்டான். சுபைறா உடம்பு தேறியிருந்தாள். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் அவளுடைய கை நின்றது. திட்டுவாள் என்று நினைத்தான்.

"உங்களுக்கும் ஒரு ஆள் இரிந்ததே தம்பி" என்றாள். "எனக்குப் புள்ள போனா. உங்களுக்கு ஆரு போன எண்டு நான் கேக்கவே இல்ல."

"என்ட வீட்டுக்காரி ராத்தா."

சுபைறா அவனுடைய கையை ஒரு கணம் பிடித்து விட்டாள். பிறகு கத்தரிக்காய்ப் பக்கம் திரும்பினாள்.

அந்த நாட்களில் கடைக்கு வருகிறவர்கள் பலரும் படங்களோடுதான் வந்தார்கள். கடைசி யுத்தத்தில் தொலைந்தவர்களின் படங்கள். அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுபோய்க் காட்டுவதற்குப் பெரிதாக்கித் தரக் கேட்பார்கள். பாண்டிருப்பிலிருந்து செல்லத்தங்கம் என்ற அம்மாவும் ஒரு பிற்பகல் அப்படி வந்தார். மகனின் படம், மடித்து மடித்து வெடித்திருந்தது. பதினேழு வயது. பாடசாலை மதிலோரம், வெள்ளைச் சட்டையோடு, சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு நின்றான். வன்னியில் பெரியம்மா வீட்டுக்குப் போனவன், திரும்பவில்லை.

"முகம் தெளிவா வரவேணும் தம்பி. பாக்கிறவங்க மறக்கக் கூடாது."

"ஓம் அம்மா, செய்து தாறன்."

மசூர் படத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினான். செல்லத்தங்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டக் குனிந்தார்.

"இது ஆரு தம்பி?"

மதிலோரம், மகனுக்குக் கொஞ்சம் பின்னால், ஓர் இளம்பெண் நின்றாள். கையிலிருந்த படத்தை மசூர் எடுத்துப் பார்த்தான். அதில் பையன் மட்டும்தான் நின்றான். திரையில் அவள் நின்றாள். முழுமுகமும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

செல்லத்தங்கத்துக்குப் பயம் வந்ததாகத் தெரியவில்லை. "நல்ல முகம்" என்றார். "உங்களையே பாக்கிறா. தெரிஞ்ச பிள்ளையா?"

மசூர் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான். மேலுதட்டைப் பார்த்தான். கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹோன் அடித்தபடி போனது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஜெஸீமாவின் எதையும் அது நினைவுபடுத்தவில்லை. சந்தையில் எதிர்ப்படும் யாரோ ஒருத்தியின் முகமாகவே அது இருந்தது.

"தெரியா அம்மா" என்றான்.

திரையில், அந்தப் பெண் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.